பைபாஸுக்குப் பிறகு ‘ஆட்டோ இம்யூன் டயட்’ தொடங்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. எடையைக் குறைக்க ஒன்றரை ஆண்டுக்கு முன் கேஸ்ட்ரிக் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய் ஏற்கெனவே உண்டு. இப்போது, அதேபோல மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமும் சேர்ந்துவிட்டது. சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, அடிக்கடி வயிற்றுப்போக்கு, ஓயாத அசதி, முடியும் கொட்டுகிறது. கோதுமை, பால், முட்டை, பருப்பு, கொட்டைகள் எல்லாவற்றையும் நிறுத்தும் ‘ஆட்டோ இம்யூன் டயட்’ இருந்தால் இரண்டு பிரச்சினையும் அடங்கும் என்கிறார்கள். நிறுத்தலாமா?

பதில்: மொத்தமாக நிறுத்த வேண்டாம். அதிலும் கோதுமையை, ஒரு ரத்தப் பரிசோதனை முடிகிற வரை நிறுத்தவே கூடாது.

நீங்கள் சொல்லும் பட்டியலைக் கொஞ்சம் கவனியுங்கள். முட்டை, பால், பருப்பு, கொட்டைகள் எல்லாமே புரதம் தருபவை. பைபாஸ் செய்தவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 7 கிராம், 100 கிராம் வெந்த பருப்பில் 9 கிராம். இவற்றை எடுத்துவிட்டால் மீனும் இறைச்சியும்தான் மிச்சம். சின்னப் பையாகச் சுருங்கிய இரைப்பையில் அவற்றை எவ்வளவு சாப்பிட முடியும்? முழு வயிறு உள்ளவர்கள் ஓர் உணவை விட்டால் இன்னொன்றைக் கூட்டிச் சாப்பிட்டு ஈடுகட்டலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லை. இந்த உணவுமுறையை ஆராய்ந்தவையும் சிறிய ஆய்வுகளே. அவற்றை நம்பி நான் உங்கள் தட்டைக் காலி செய்ய மாட்டேன்.

சரி, வயிற்றுக்கு என்ன செய்வது? முதலில் நேரத்தைக் குறித்து வையுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிடம் கழித்து என்ன ஆனது என்று இரண்டு வாரம் எழுதினால் பாதி விஷயம் தெரிந்துவிடும். சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்பிடிப்பு, பேதி என்றால் அது பெரும்பாலும் ‘டம்பிங்’. சர்க்கரை மிகுந்த உணவு சிறுகுடலுக்குள் வேகமாக இறங்குவதால் வருவது. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து நடுக்கமும் தலைசுற்றலும் வந்தால், இன்சுலின் அதிகமாகச் சுரந்து சர்க்கரை இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: இனிப்பையும் பழச்சாற்றையும் விடுவது, முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் மாவுச்சத்து என்று சாப்பிடுவது, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடிப்பது.

பால் குடித்த அன்று மட்டும் உப்புசம் என்றால் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் சேராமல் இருக்கலாம். பைபாஸுக்குப் பிறகு இது புதிதாகவும் வரலாம். பால் வேண்டாம் என்றாலும் தயிரும் கெட்டியான சீஸும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆக, பால் பொருள் முழுவதையும் தள்ளிவைக்கத் தேவையில்லை. இன்னொன்றையும் பாருங்கள். ‘சர்க்கரை இல்லாதது’ என்று விற்கும் புரத பார்களிலும் மிட்டாய்களிலும் சார்பிட்டால், மால்டிட்டால் போன்ற இனிப்பூட்டிகள் இருக்கும். வாயுவும் பேதியும் வர அவையே போதும். எதைச் சாப்பிட்டாலும் உப்புசம், பேதி என்றால், சிறுகுடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகியிருக்கலாம். அதை உணவைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது, மருத்துவர் மருந்து தர வேண்டும்.

கோதுமை விஷயத்துக்கு வருகிறேன். ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு, கோதுமையில் உள்ள குளூட்டன் எனும் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். குளூட்டன் உடலுக்குள் போய்க்கொண்டிருந்தால்தான் அதற்கான ரத்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் நோய் இருந்தாலும் ‘இல்லை’ என்று வரலாம். அப்புறம் உறுதிசெய்ய, குறைந்தது 6 வாரம் மீண்டும் கோதுமை சாப்பிட்டாக வேண்டும். சீலியாக் உறுதியானால் குளூட்டனை வாழ்நாள் முழுக்க, துளியும் இல்லாமல் விட வேண்டும். இல்லை என்றால் கோதுமைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

உங்கள் கேள்வியில் மாத்திரைகளைப் பற்றி ஒன்றுமே இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். எடை குறையும்போது தைராக்சின் எனும் தைராய்டு மாத்திரையின் தேவையும் பலருக்குக் குறையும். பழைய அளவையே விழுங்கிக்கொண்டிருந்தால் பேதி, படபடப்பு, முடி உதிர்தல் எல்லாம் வரும், பழி மட்டும் கோதுமை மேல் விழும். மறுபக்கம், குடல் சரியாக உறிஞ்சாமல் மருந்து பற்றாமல் போகவும் கூடும், அப்போது அசதி. எது உங்கள் நிலை என்று டி.எஸ்.எச். எனும் தைராய்டு ரத்தப் பரிசோதனை சொல்லும். முடிக்காகப் பயோட்டின் எனும் வைட்டமின் சாப்பிடுகிறீர்கள் என்றால் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். அது தைராய்டு முடிவுகளைத் தப்பாகக் காட்டவைக்கும்.

நேரமும் முக்கியம். தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுக்க வேண்டும், காபிக்கும் உணவுக்கும் குறைந்தது அரை மணி நேரம் முன்பாக. இரும்பு, கால்சியம் இரண்டும் அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் இடையே 2 மணி நேரம். காலை 6 மணிக்குத் தைராக்சின், 11 மணிக்கு இரும்பும் மல்டிவைட்டமினும், மதியம் 2 மணிக்கும் இரவு 8 மணிக்கும் கால்சியம் என்று வைத்துக்கொண்டால் மோதல் இல்லை. கால்சியம் சிட்ரேட் வகையாக இருக்கட்டும். இரைப்பை அமிலம் குறைவாக இருந்தாலும் அது உடலில் சேரும்.

மூட்டுவலிக்கு இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நேப்ராக்ஸென் இவற்றில் ஏதாவது எடுக்கிறீர்களா? இரைப்பையையும் குடலையும் இணைத்த இடத்தில் புண் வரவைக்கும் மருந்துகள் இவை. பைபாஸ் செய்தவர்கள் தவிர்க்க வேண்டும். ஸ்டீராய்டும் அந்த ஆபத்தைக் கூட்டும், ஆனால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. உங்கள் மூட்டு மருத்துவருக்குப் பைபாஸ் செய்தது தெரியுமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் இந்தக் குடலில் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்பதையும் கேளுங்கள். முடக்குவாதத்துக்கு மீதோட்ரெக்ஸேட் எனும் மருந்து கொடுத்திருந்தால், முடி உதிர்வுக்கும் குமட்டலுக்கும் அதுவும் காரணமாகலாம். கூடவே ஃபோலிக் அமிலம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அசதிக்கு ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்பின் இருப்பு), பி12, வைட்டமின் டி மூன்றையும் ரத்தத்தில் பாருங்கள். இரும்பை அதிகம் உறிஞ்சும் முன்சிறுகுடலைத்தான் பைபாஸ் தாண்டிச் செல்கிறது. பி12 சேர உதவும் சுரப்பும் குறைந்துவிடுகிறது. காலில் மரமரப்பு இருந்தால் செம்பு, துத்தநாகம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முடிக்காகத் துத்தநாகத்தை மட்டும் நிறையச் சாப்பிட்டுச் செம்பை இறக்கிக்கொள்பவர்கள் உண்டு.

இதெல்லாம் சரிபார்த்த பிறகும் ஏதோ ஓர் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால், ஒன்றை மட்டும் மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். அதிலிருந்து கிடைத்த புரதத்துக்கு மாற்றை முதல் நாளே முடிவுசெய்யுங்கள். பிறகு அதே உணவை மறுபடி சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொழுப்புள்ள மீன் சேர்த்தால் புரதமும் கிடைக்கும், மூட்டுக்கும் கொஞ்சம் இதமாக இருக்கலாம். மருந்துக்கு அது மாற்று அல்ல.

சில அறிகுறிகளுக்கு உணவுக்குறிப்பேடு வேண்டாம், மருத்துவமனைதான். இரண்டு மூன்று நாளாக நிற்காத வாந்தி, அதோடு தள்ளாட்டமோ பார்வைக் குழப்பமோ இருந்தால், தயமின் எனும் பி1 குறைந்து மூளையைப் பாதிக்கிறதாக இருக்கலாம். குளூக்கோஸ் ஏற்றுமுன் தயமின் போடச் சொல்லிக் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனால் புண்ணிலிருந்து ரத்தக் கசிவு இருக்கலாம். சாப்பிட்டதும் சுருட்டிப் பிடிக்கும் கடும் வலி விட்டு விட்டு வந்தால், குடல் உள்ளே நழுவிச் சிக்கியிருக்கலாம். இது அறுவை சிகிச்சை முடிந்து பல ஆண்டு கழித்தும் வரும். போகும்போது செய்தது பைபாஸ் என்பதைச் சொல்லி, மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.