கணினி கேள்வி – பதில்: எஸ்.எம்.பி.எஸ். மாற்றும்முன்

என் கணினியில் இருப்பது இன்டெல் ஐ5-12400 பிராசஸர். அதில் ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டு போடப் போகிறேன். கேபினட்டோடு வந்த 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) ஏற்கெனவே இருக்கிறது. அதுவே போதுமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 12400-க்கு 65 வாட் என்று போட்டிருப்பார்கள். அது அடிப்படை அளவுதான். டர்போவில், அதாவது வேகத்தைத் தானே கூட்டிக்கொண்டு ஓடும்போது 117 வாட் வரை இழுக்கும். 3060 கார்டு 170 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., ஒரு ஹார்டு டிஸ்க், நாலைந்து ஃபேன் எல்லாவற்றுக்கும் 60 வாட் ஒதுக்குங்கள். ஆக மொத்தம் 347 வாட். கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டி இழுக்கும் என்பதால் அதற்கு மேலும் இடம் விட வேண்டும். இந்தக் கார்டுக்கு என்விடியா சொல்வது 550 வாட். அது சரியான அளவுதான். 750, 850 என்று போக வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் கேள்விக்கான விடை பெட்டியில் அச்சிட்ட 500-இல் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 3.3, 5, 12 வோல்ட் என்று கட்டம் கட்டி, கீழே ஆம்பியர் போட்டிருக்கும். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுவதும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அந்தக் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று இருந்தால், 12 × 18 = 216 வாட், அவ்வளவுதான். உங்களுடைய பிராசஸரும் கார்டும் சேர்ந்தே 287 வாட் கேட்கும். நேர்மையான 500 வாட் சப்ளை என்றால் 12 வோல்ட்டில் 40 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். மீதி வாட்டை அதிகம் பயன்படாத 3.3, 5 வோல்ட் கட்டங்களில் கொட்டி 500 என்று கூட்டிக் காட்டுவது பழைய வித்தை.

இன்னொன்று: 12வி1 – 18 ஆம்பியர், 12வி2 – 18 ஆம்பியர் என்று இரண்டாகப் பிரித்திருந்தால் 36 என்று கூட்டிவிடாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து எத்தனை வாட் என்று கீழே தனியாக எழுதியிருக்கும், அதுதான் கணக்கு. கேபினட்டோடு இலவசமாக வரும் சப்ளைகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறாது. டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது எல்லாம் நன்றாக இருக்கும், கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கணினி பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். அதைக் கார்டின் கோளாறு என்று எண்ணிக் கடைக்கும் வீட்டுக்கும் அலைபவர்கள் நிறையப் பேர்.

80 பிளஸ் கோல்டு வாங்கினால்தான் கணினிக்குப் பாதுகாப்பா?

இல்லை. 80 பிளஸ் முத்திரை திறனை மட்டும் சொல்கிறது, அதாவது சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு கணினிக்குப் போகிறது, எவ்வளவு வெப்பமாக வீணாகிறது என்பதை. கணினி 300 வாட் கேட்கும்போது 85 சதவீதத் திறனுள்ள பிரான்ஸ் (வெண்கல) தரச் சப்ளை 353 வாட் இழுக்கும்; 92 சதவீதமுள்ள கோல்டு 326 வாட் இழுக்கும். வித்தியாசம் 27 வாட். தினம் 4 மணி நேரம் அந்த லோடில் ஓட்டினால் மாதத்துக்கு ஏறக்குறைய 3 யூனிட். நாள் முழுக்க ரெண்டரிங் ஓட்டுபவருக்கு அது காசு. மாலையில் ஒரு மணி நேரம் விளையாடுபவருக்கு ஒன்றுமில்லை.

பாதுகாப்புக்குப் பார்க்க வேண்டியவை வேறு: ஓவர் வோல்டேஜ், ஓவர் கரண்ட், ஷார்ட் சர்க்கியூட், ஓவர் டெம்பரேச்சர் ஆகிய நான்கு பாதுகாப்புகளும் இருக்கின்றனவா, வாரண்டி எத்தனை ஆண்டு? வாரண்டி ஒரு வருடம் என்றால் தயாரித்தவருக்கே அதன்மேல் நம்பிக்கை இல்லை என்பேன்.

சி.பி.யு.வுக்கான 8 பின் கேபிள் ஒன்று மிச்சம் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டிலும் 8 பின்தான். அதையே செருகிவிடலாமா?

கூடவே கூடாது. இரண்டிலும் எட்டுத் துளைதான். ஆனால் மின்சாரம் வருகிற பக்கம் நேரெதிர். கலர் வயர் உள்ள சப்ளையாக இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். சி.பி.யு. கனெக்டரில், லாக் நாக்கு இருக்கும் வரிசையில் நான்கும் மஞ்சள். எதிர்வரிசை நான்கும் கறுப்பு. கிராபிக்ஸ் கார்டு கனெக்டரில், நாக்கு இருக்கும் வரிசை முழுக்கக் கறுப்பு. எதிர்வரிசையில் மூன்று மஞ்சள், ஒரு கறுப்பு. மாற்றிச் செருகினால் 12 வோல்ட்டை நேராக எர்த்தில் கொடுத்தது போல ஆகும். நல்ல சப்ளை உடனே அணைந்துவிடும். மலிவானது அணையாது, புகையும்.

இப்போது வரும் கேபிள்கள் எல்லாமே கறுப்பு நாடா போல இருப்பதால் நிறத்தை நம்ப முடியாது. பிரியும் விதத்தைப் பாருங்கள்: சி.பி.யு. கனெக்டர் 4+4 ஆகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டு கனெக்டர் 6+2 ஆகப் பிரியும். பின் உறைகளிலும் சில சதுரமாகவும் சில மூலை சீவியும் இருக்கும். தவறானதைச் செருகவிடாமல் தடுக்கத்தான் அந்த வடிவம். கொஞ்சம் அழுத்தினால் பிளாஸ்டிக் வளைந்து கொடுத்து உள்ளே போய்விடும் என்பதுதான் தொல்லை. சரியான கனெக்டர் லேசான அழுத்தத்தில் கிளிக் என்று உட்காரும். முக்கி முக்கிச் செருக வேண்டியிருந்தால் அது உங்கள் கனெக்டர் இல்லை.

அளவும் தெரிந்துகொள்ளுங்கள். மதர்போர்டு ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு 75 வாட் வரை கிடைக்கும். 6 பின் கேபிளில் 75. 8 பின்னில் 150. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால், ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரட்டைக் கனெக்டரை மாட்டாமல், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள். ஒரே கேபிளில் மொத்தப் பளுவும் போனால் கனெக்டர் சூடேறும்.

புதிய 16 பின் கனெக்டர் உள்ள கார்டு என்றால் ஒரு எச்சரிக்கை: அது முழுக்க உட்காராமல் அரை மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் உருகும் ஆபத்து உண்டு. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். கனெக்டரை ஒட்டியே கேபிளை மடக்காமல் 3.5 செ.மீ. நேராக விட்டு, அதன் பிறகு வளையுங்கள்.

மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும்) சப்ளையை மாற்றினேன். பழைய கேபிள்கள் அழகாகக் கட்டியிருந்ததால் அவற்றை அப்படியே விட்டு, புதிய சப்ளையில் செருகினேன். ஆன் செய்ததும் ஹார்டு டிஸ்க் செத்துவிட்டது. கனெக்டர் பொருந்தியதே, ஏன்?

கேபிளின் ஒரு முனைக்கு மட்டும்தான் பொது விதி இருக்கிறது. மதர்போர்டிலும் டிஸ்க்கிலும் செருகும் முனை எல்லா நிறுவனங்களிலும் ஒன்றே. எஸ்.எம்.பி.எஸ். பக்கம் செருகும் முனையில் எந்தத் துளையில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்பது அந்தந்தத் தயாரிப்பாளரின் இஷ்டம். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். உங்கள் டிஸ்க்கின் 5 வோல்ட் பின்னில் 12 வோல்ட் போயிருக்க வேண்டும்.

டிஸ்க்கைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பல ஹார்டு டிஸ்க்குகளின் சர்க்கியூட் போர்டில், இப்படி வோல்டேஜ் எகிறும்போது தான் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றும் டயோடு இருக்கிறது. அது மட்டும் போயிருந்தால் டேட்டா மீட்பவர்களால் ஃபைல்களை எடுத்துவிட முடியும். திரும்பத் திரும்ப மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதை மட்டும் நிறுத்துங்கள். எஸ்.எம்.பி.எஸ். மாறினால் அதன் கேபிள்கள் அத்தனையும் மாற வேண்டும், ஒன்றுகூட மிச்சமில்லாமல்.

அலுவலகத்தில் பயன்படுத்திய பழைய பிராண்டட் டெஸ்க்டாப். சப்ளை போய்விட்டது. சாதாரண ஏ.டி.எக்ஸ். சப்ளை போடலாமா?

முதலில் அளவு. ஏ.டி.எக்ஸ். 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம்; எஸ்.எஃப்.எக்ஸ். 125-க்கு 63.5, டி.எஃப்.எக்ஸ். 85-க்கு 65, நீளம் 175. ஒல்லியான பெட்டிகளில் பெரும்பாலும் கடைசி வகைதான், அல்லது அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம்.

அடுத்து மதர்போர்டு கனெக்டர். 24 பின் இருந்தால் நல்லது. 6, 10, 14 பின் என்று விசித்திரமாக இருந்தால் அந்தப் போர்டுகளில் பல 12 வோல்ட்டை மட்டும் வாங்கி மற்ற வோல்டேஜ்களைத் தாமே உருவாக்கிக்கொள்பவை. கன்வெர்ட்டர் வயர் கிடைக்கிறதே என்று உடனே வாங்க வேண்டாம்: சாதாரண சப்ளை ஸ்டாண்ட்பையில் (கணினி அணைந்திருக்கும்போதும் வரும் மின்சாரம்) தருவது 5 வோல்ட்; ஆனால் 12 வோல்ட் மட்டும் வாங்கும் ஏ.டி.எக்ஸ்.12வி.ஓ. வகைப் போர்டுகள் ஸ்டாண்ட்பையிலும் 12 எதிர்பார்க்கும். பழைய சப்ளையின் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரை வைத்து அதே சப்ளையைத் தேடுவதே மலிவான வழி.

புதிய சப்ளை மாட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை.

பத்தில் எட்டு முறை காரணம் ஒன்றே: பிராசஸருக்கான 8 பின் கேபிளை மறந்திருப்பீர்கள். மதர்போர்டின் மேல் மூலையில், ஹீட் சிங்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். 24 பின் மட்டும் மாட்டினால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், பிராசஸர் உயிர்பெறாது. அங்கே 8+4 என்று இரண்டு இருந்தால், சாதாரண பிராசஸருக்கு 8 மட்டும் போதும். கிராபிக்ஸ் கார்டின் கேபிள் மாட்டியிருக்கிறதா என்பது அடுத்தது. 24 பின்னின் ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்பது அதற்கடுத்தது.

ஒரு நொடி சுற்றி நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட். போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஸ்டாண்ட்-ஆஃப் திருகு (போர்டைக் கேபினட்டில் படாமல் உயர்த்திப் பிடிப்பது) இருக்கிறதா என்று பாருங்கள்.

சப்ளையை மட்டும் தனியாகச் சோதிக்க: சுவர் ப்ளக்கைக் கழற்றி, எல்லாக் கேபிளையும் கணினியிலிருந்து பிரித்துவிட்டு, 24 பின் கனெக்டரின் லாக் நாக்கு உள்ள வரிசையில் 16-ஆம் பின்னையும் (கலர் கேபிளில் பச்சை) அதன் பக்கத்துக் கறுப்பையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணையுங்கள். பழைய ஃபேன் ஒன்றை லோடாக மாட்டி, பிறகு ப்ளக்கைச் செருகி ஸ்விட்ச் போடுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனை கறுப்பு வயரில். மஞ்சளில் 11.40 முதல் 12.60 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை வர வேண்டும். ஊதா வயரில் கிளிப் போடாமலேயே 5 வோல்ட் இருக்கும். அதுவும் இல்லையென்றால் சப்ளை இறந்துவிட்டது. லோடு குறைவாக இருக்கும்போது ஃபேன் சுற்றாத மாடல்கள் உண்டு, அதைப் பார்த்துப் பதறாதீர்கள். மீட்டர் சரியாகக் காட்டினாலும் முழு லோடில் தாங்கும் என்று பொருள் இல்லை. சப்ளையைத் திறந்து மட்டும் பார்க்காதீர்கள். ப்ளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

பின்னால் 115 / 230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறது. எதில் வைப்பது?

உங்கள் வீட்டு மின்சாரம் எதுவோ அதில். 230 வோல்ட் வரும் இடத்தில் 115-இல் வைத்து ஆன் செய்தால் வெடிச்சத்தம் கேட்கும், சப்ளை முடிந்தது. 100–240 என்று ஸ்டிக்கரில் இருந்தால் அந்த ஸ்விட்சே இருக்காது.

புதிய சப்ளை போட்ட பிறகு கரண்ட் போனால் 600 வி.ஏ. யு.பி.எஸ். கைகொடுப்பதில்லை; கணினி அணைந்துவிடுகிறது.

வி.ஏ. வேறு, கணினிக்கு உண்மையில் கிடைக்கும் வாட் வேறு. 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸின் பின்புற ஸ்டிக்கரில் பெரும்பாலும் 360 வாட் என்றிருக்கும், அதில்தான் மானிட்டரும் அடக்கம். கேம் ஓடும்போது கரண்ட் போனால் அது தாங்காது. இரண்டாவது காரணம், புதிய சப்ளைகளில் ஆக்டிவ் பி.எஃப்.சி. (சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) இருப்பது. மலிவான யு.பி.எஸ். பேட்டரியில் ஓடும்போது தருவது படிப்படியான அலை. சில சப்ளைகள் அதை ஏற்காமல் அணைந்துவிடும். டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். அப்போது தாங்கினால் பளுதான் பிரச்சினை, பெரிய யு.பி.எஸ். போதும். சும்மா இருக்கும்போதே அணைந்தால், முதலில் பேட்டரி பழசா என்று பாருங்கள். பேட்டரி நன்றாக இருந்தால், சுவர் மின்சாரம் போலவே வழுவழுப்பான அலை தரும் ப்யூர் சைன் வேவ் யு.பி.எஸ். தேட வேண்டியதுதான்.