இரவில் காவலுக்கு எழும் அப்பா

கேள்வி: அப்பா ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட், வயது 77. மூன்று வருடமாக மறதி கூடிக்கொண்டே வருகிறது. நடுச்சாமத்தில் எழுந்து, "ஸ்டேஷனைச் சுற்றி வளைத்துவிட்டார்கள், விளக்கை அணை" என்று கத்துகிறார். "சண்டை எப்போதோ முடிந்துவிட்டது அப்பா" என்றால் அடிக்க வருகிறார். தம்பிமார் இருவர், ஒருவர் கல்முனையில், மற்றவர் லண்டனில். இருவரும் தொலைபேசியில் விசாரிப்பதோடு சரி. போன கிழமை பொறுக்க முடியாமல் அப்பாவைத் தள்ளிவிட்டேன். தூக்க மாத்திரை கொடுக்கலாமா?
- வாசகி, கல்லடி

பதில்: பார்மசியில் நீங்களாகக் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம். தூக்க மாத்திரையும், சளிக்கும் தும்மலுக்கும் கொடுக்கும் மயக்கம் தரும் மாத்திரைகளும் இந்த வயதில் குழப்பத்தைக் கூட்டும்; எழுந்து நடக்கையில் விழுத்தி இடுப்பெலும்பை உடைக்கும். மனநோய்க்கான சில மருந்துகள் மறதிநோய் உள்ள முதியவர்களின் இறப்பு வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005இலேயே எச்சரித்தது. தேவைப்படும்போது வைத்தியர்களான நாங்களும் அவற்றைக் கொடுப்பதுண்டு. ஆனால் குறைந்த அளவில், கண்காணிப்போடு.

ஒன்றைக் கவனித்து வையுங்கள். கண்ணை மூடித் தூங்கும்போதே கைகாலை வீசி உதைக்கிறாரா? பகல் நேரத்தில், அங்கே இல்லாத ஆட்களையோ பிராணிகளையோ காண்கிறாரா? அப்படியென்றால் அது லூயி உடல் மறதிநோய் என்ற வகையாக இருக்கலாம். அந்த நோயாளிகளை ஹலோபெரிடோல் போன்ற மனநோய் மருந்துகள் விறைத்துப்போகச் செய்துவிடும். எந்த மருந்து எழுதுவதற்கும் முன்னால் இதை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்பா எந்த ஸ்டேஷனில் இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. கிழக்கில் காக்கி உடுத்த அந்தத் தலைமுறைக்கு 1990 ஜூன் என்றால் என்னவென்று நம் எல்லோருக்கும் தெரியும்: புலிகள் பொலிஸ் நிலையங்களைச் சுற்றி வளைத்து, சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைக் கொன்ற மாதம். மறதிநோயில் முதலில் அழிவது நேற்றைய நினைவு. பழையது கடைசிவரை கிடக்கும். அமெரிக்காவில் படையில் இருந்த ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. போரின் அதிர்ச்சி நோய் இருந்தவர்களில் 10.6 சதவீதமானோருக்கும், இல்லாதவர்களில் 6.6 சதவீதமானோருக்கும் மறதிநோய் வந்தது.

ஆகவே சண்டை முடிந்துவிட்டது என்று வாதாடாதீர்கள். அவருக்கு அது முடியவில்லை. "கதவைப் பூட்டிவிட்டேன் அப்பா, இன்றைக்குக் காவல் என்னுடையது, நீங்கள் படுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பின்பக்கமாகப் போய்த் தொடாதீர்கள், முகத்தில் டோர்ச் அடிக்காதீர்கள். மங்கலான விளக்கொன்று இரவு முழுதும் எரியட்டும். கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தும் நாட்களில் அவரோடு யாராவது இருக்க வேண்டும். ஓரிரு நாளுக்குள் திடீரென்று நிலைமை மோசமானால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தலையில் பட்ட அடி என்று காரணம் இருக்கும். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இனி உங்கள் விஷயம். தள்ளியது தவறுதான். ஆனால் அதைச் செய்தது மாதக்கணக்காகத் தூங்காத ஓர் உடம்பு. அடுத்த முறை அவர் விழாத இடத்தில் இருந்தால் நீங்கள் முற்றத்துக்குப் போய்விடுங்கள், ஐந்து நிமிடம் கழித்து வாருங்கள். கோபம் அவருக்கு மறந்திருக்கும்.

நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. பெற்றோரும் அந்த வீட்டோடு வந்துவிடுகிறார்கள். அதைக் காட்டித் தம்பிமார் தப்பித்துக்கொள்வதை நான் கிளினிக்கில் நிறையவே பார்க்கிறேன். கல்முனை ஒன்றும் கடல் கடந்த ஊர் அல்ல. "உதவி செய்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "வெள்ளியும் சனியும் இரவு நீ வந்து படு" என்று கேளுங்கள். லண்டன் தம்பி இரவுக்கு ஓர் ஆளை வைக்கப் பணம் அனுப்பட்டும். அப்பாவின் ஓய்வூதியத்திலிருந்தும் அதற்கு எடுக்கலாம், அது அவருடைய பராமரிப்புக்கான பணம்தான். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்கு அப்பாவை அழைத்துப் போகும்போது, அவர் இப்போது எடுக்கும் எல்லா மருந்தையும் பையோடு கொண்டுபோங்கள். தைரொயிட், பி12 பரிசோதனைகள் செய்தார்களா என்று கேளுங்கள். உங்களுடைய பிரஷரையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எந்த இரவில் வந்தாலும், விடியும்வரை காத்திராமல் 1926க்கு அழையுங்கள். அந்த மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.