வைரஸுக்கு எதற்கு ஒளிச்சேர்க்கை மரபணு?

கேள்வி: "கடலில் உள்ள சில வைரஸ்களிடம் ஒளிச்சேர்க்கை மரபணு இருக்கிறதாமே. அவை வெயிலில் உணவு தயாரிக்குமா? அந்த மரபணு அவற்றுக்கு எப்படி வந்தது?"

தயாரிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், "ஒளிச்சேர்க்கை செய்யும் வைரஸ்" என்று வரும் தலைப்புகள் பலரையும் குழப்புகின்றன. இந்த வைரஸ்கள் புரதக் கூட்டுக்குள் சுருட்டி வைத்த டிஎன்ஏதான். அவற்றில் பச்சையம் கிடையாது. சும்மா வெயிலில் கிடந்தால் புற ஊதாக் கதிர் பட்டு அவையே சிதைந்துபோகும். அந்த மரபணு வேலை செய்வதெல்லாம் வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்த பிறகுதான்.

அந்தச் செல்கள் புரோகுளோரோகாக்கஸ், சினெக்கோகாக்கஸ் என்ற கடல் சயனோபாக்டீரியாக்கள், அதாவது நீலப்பச்சைப் பாசி என்று சொல்லப்படும், ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்கள். உலகின் திறந்த கடல்களில் வெளிச்சத்தை உணவாக்கும் உயிர்களில் எண்ணிக்கையில் இவையே அதிகம். புரோகுளோரோகாக்கஸ் ஒரு மைக்ரோமீட்டர்கூட இருக்காது. இவ்வளவு பெருகிக் கிடந்தும் 1980களின் பிற்பகுதியில்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியவந்தது.

முதுகலை முடித்ததும் இரண்டு வருடம் ஓர் ஆய்வகத்தில் சினெக்கோகாக்கஸ் வளர்த்தேன். நீலப்பச்சைப் பாசி என்று பாடத்தில் படித்திருந்தாலும், எங்கள் குடுவையில் இருந்தது தண்ணீர் அதிகமாகிவிட்ட ரோஸ்மில்க் நிறம். வைரஸ் ஊற்றிய அன்று எந்த மாற்றமும் தெரியாது. ஒரு நாள் காலை வந்து பார்த்தால் நிறம் வெளுத்து, குடுவைக்குப் பின்னால் ஒட்டியிருந்த லேபிளின் எழுத்தை இந்தப் பக்கமிருந்தே படிக்க முடிந்தது. அத்தனை செல்களும் வெடித்திருந்தன. இன்னொரு தடவை பாதிக் குழாய்களை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டாக்கினோம். அவற்றில் வைரஸ் செல்லோடு ஒட்டிக்கொள்வதே வெகுவாகக் குறைந்துபோனது. நாங்கள் வைத்திருந்த எஸ்-பிஎம்2 என்ற வைரஸுக்கு ஒட்டுவதற்கே வெளிச்சம் வேண்டும். அன்றிலிருந்துதான் இந்த விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

சரி, மரபணுவுக்கு வருவோம். ஒளிச்சேர்க்கையில் வெளிச்சத்தைப் பிடித்து எலக்ட்ரானைத் தள்ளிவிடும் இடத்தின் நடுவில் டி1 என்றொரு புரதம் இருக்கிறது. வேலை செய்யச் செய்ய வெளிச்சமே அதைக் கெடுத்துவிடும். நல்ல வெயிலில் அரை மணி, ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. செல் பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபியூஸ் போகப் போகக் கம்பி மாற்றுகிற மாதிரி.

வைரஸ் உள்ளே புகுந்ததும் ஓம்புயிரின் (அது புகுந்த செல்லின்) மரபணுக்கள் ஒவ்வொன்றாக அடங்க ஆரம்பிக்கும். புது டி1 வருவதும் குறையும். ஆனால் வைரஸ் பெருகி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். புரோகுளோரோகாக்கஸைத் தாக்கும் பி-எஸ்எஸ்பி7 வைரஸுக்கு சுமார் 8 மணி நேரம். நடுவில் மின்சாரம், அதாவது ஒளிச்சேர்க்கையிலிருந்து வரும் ஆற்றல், நின்றால் அதன் வேலையும் பாதியில் நின்றுவிடும். அதனால் ஃபியூஸ் கம்பியைக் கையோடு கொண்டுவருகிறது: டி1 புரதத்துக்கான பிஎஸ்பிஏ மரபணு.

இதை முதலில் கண்டது இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் மான் குழு, 2003-ல், நான் மேலே சொன்ன அதே எஸ்-பிஎம்2 வைரஸில். மறு வருடமே அமெரிக்காவின் எம்ஐடியில் டெபி லிண்டெல், மேத்யூ சல்லிவன், சாலி சிஸ்ஹோம் ஆகியோர் புரோகுளோரோகாக்கஸ் வைரஸ்களிலும் கண்டார்கள். மரபணு இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? 2005-ல் அதையும் செய்தார்கள். தொற்று முற்ற முற்ற வைரஸின் டி1 புரதம் செல்லுக்குள் கூடிக்கொண்டே போனது. வைரஸின் டிஎன்ஏ நகலாவதும் ஒளிச்சேர்க்கை நடப்பதைப் பொறுத்தே இருந்தது. பி-எஸ்எஸ்பி7-இன் மொத்த டிஎன்ஏவே சுமார் 45,000 எழுத்துதான். அவ்வளவு நெருக்கடியான இடத்திலும் இந்த மரபணுவுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

ஆனால் "வைரஸ் ஒளிச்சேர்க்கையைக் காப்பாற்றுகிறது" என்று இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். ஒளிச்சேர்க்கையில் இரண்டு கட்டம்: வெளிச்சத்திலிருந்து ஆற்றல் எடுப்பது, அந்த ஆற்றலால் கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்குவது. வைரஸுக்கு முதலாவது மட்டும் போதும். பல சயனோஃபேஜ்கள் (சயனோபாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள்) சிபி12 என்ற இன்னொரு மரபணுவையும் வைத்திருக்கின்றன. கார்பனைப் பிடிக்கும் கால்வின் சுழற்சிக்கு அதுதான் பிரேக். அந்த பிரேக் விழும்போது ஆற்றலும் கார்பனும் டிஎன்ஏவுக்கான மூலப்பொருள் செய்யும் பாதைக்குத் திரும்புகின்றன. 2016-ல் வார்விக் ஆய்வாளர்கள் அளந்தபோதும் இதுவே தெரிந்தது: தொற்றிய செல்லில் எலக்ட்ரான் ஓட்டம் நிற்கவில்லை, கார்பன் பிடிப்பு மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் பக்கத்து வயலுக்குப் பாய்கிறது. உயிரோடு வெளிச்சத்திலிருந்து ஆற்றல் எடுத்துக்கொண்டிருக்கும் செல் எல்லாம் கார்பனைப் பிடிக்கிறது என்று கணக்குப் போட்டால் அது தப்பாகிவிடும். எனக்கு இதுதான் இந்த ஆய்வுகளிலேயே முக்கியமான முடிவாகப் படுகிறது.

அப்புறம், எப்படி வந்தது? பாக்டீரியாவிடமிருந்துதான். வைரஸ் டிஎன்ஏவைப் பொதியும்போது ஓம்புயிரின் துண்டுகளும் சில சமயம் சேர்ந்து வந்துவிடும். பெரும்பாலானவை காலப்போக்கில் உதிர்ந்துபோகும், பயன்படுவது தங்கும். சல்லிவன் குழு 33 சயனோஃபேஜ்களைச் சோதித்ததில் 88 சதவீதத்தில் பிஎஸ்பிஏ இருந்தது. வரிசைகளை ஒப்பிட்டபோது, மரபணுத் துண்டுகள் வைரஸுக்கும் பாக்டீரியாவுக்கும் இடையே போவதும் வருவதுமாக இருந்த தடயங்கள் கிடைத்தன.

வந்த மரபணு வந்தபடியே இருப்பதும் இல்லை. ஒளியைப் பிடிக்கும் ஒரு நிறமியைச் செய்ய சயனோபாக்டீரியாவுக்கு இரண்டு நொதிகள் வேண்டும், ஒன்று முடித்துக் கொடுப்பதை மற்றது வாங்கிச் செய்யும். பி-எஸ்எஸ்எம்2 என்ற வைரஸின் பெப்எஸ் நொதி அந்த இரண்டு வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்வதை 2008-ல் கண்டார்கள்.