குடும்பக் காரை ஒழுங்குபடுத்த ஆர்கனைசர் வாங்கலாமா?

கேள்வி: எங்களிடம் வேகன்ஆர் இருக்கிறது. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர். ஸ்கூல், ஆபீஸ், சனி ஞாயிறில் ஊர் என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே எப்போதும் பாட்டில், பை, செருப்பு, பிஸ்கட் தூள். சுத்தம் செய்தால் பத்து நாளில் பழைய கதைதான். சீட்டின் முதுகில் மாட்டும் ஆர்கனைசர், டிக்கிப் பெட்டி எல்லாம் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பத்து அறை உள்ள ஆர்கனைசரை மாட்டினால் பத்து அறையும் நிரம்பும், அவ்வளவுதான். வண்டிக்குள் எது இருக்கலாம் என்று முதலில் முடிவாகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, உள்ளே இருப்பது அத்தனையையும் அதில் எடுத்துப் போடுங்கள். கதவுப் பை, சீட்டுக்கு அடி, டிக்கி மேட்டுக்கு அடி எல்லாம் சேர்த்துத்தான். முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி ஒருமுறை, முன்னால் இழுத்து ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் சில்லறை, பென்சில், மிக்சர் என்று ஒரு சின்னக் கடையே இருக்கும். சீட் நகராமல் முரண்டு பிடிப்பதற்கு இதுவே பல வண்டிகளில் காரணம்.

நம் ஊர்க் கார்களில் கிடைப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: கோயில் விபூதிப் பொட்டலம், மடிந்து போன கல்யாணப் பத்திரிகை, ஒற்றைச் செருப்பு, துணிக்கடைக் கட்டைப்பை. தாம்பூலப் பை இருந்தால் உள்ளே கைவிட்டுப் பாருங்கள், வாடிய வெற்றிலையும் தேங்காயும் அப்படியே இருக்கும். சாப்பிடும் பொருள் எதுவும் ராத்திரி வண்டியில் தங்கக் கூடாது. முதலில் எறும்பு வரும், அப்புறம் எலி. எலி வந்தால் ஒயரைக் கடிக்காமல் போகாது. அந்தச் செலவுக்கு நல்ல ஆர்கனைசர் எத்தனையோ வாங்கலாம்.

திரும்ப வைக்கும்போது ஒவ்வொரு பொருளுக்கும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதை யார், எந்த சீட்டிலிருந்து, எப்போது எடுப்பார்கள்? பதில் இல்லையென்றால் அது வீட்டுக்குப் போகட்டும். ஆறு மாதமாகத் தொடாத ஸ்வெட்டர் ஊட்டிக்குப் போகும்போது ஏறினால் போதும்.

டிரைவர் காலடியில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். தண்ணீர் பாட்டில் சீட்டுக்கு அடியிலிருந்து உருண்டு வந்து பிரேக் பெடலுக்குக் கீழே மாட்டினால், மிதித்தாலும் வண்டி நிற்காது. கழற்றிப் போட்ட செருப்பும் அப்படித்தான். டிரைவர் சீட்டுக்கு அடியை நிரந்தரமாகக் காலியாக விட்டுவிடுங்கள். மேட் மீது இன்னொரு மேட் போடும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றே எடுங்கள். மேட் நழுவி ஆக்சிலரேட்டரில் சிக்கும் அபாயத்துக்காக டொயோட்டா 2009-இல் அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் கார்களுக்கு ரீகால், அதாவது திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக, அறிவித்தது. ஒரே மேட், அதுவும் தரையில் உள்ள கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும்.

அடுத்து, பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள பார்சல் ட்ரே. டிஷ்யூ பெட்டி, டிபன் பாக்ஸ், பொம்மை என்று கொலு வைத்த மாதிரி அடுக்கி வைப்பார்கள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கும் பொருள் தன் எடையைப் போல சுமார் 20 மடங்கு கனத்தோடு முன்னால் பாயும். ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தால் 20 கிலோவுக்கு மேல். அது பாயும் வழியில் இருப்பது பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் தலை. ட்ரேயில் ஒன்றும் வேண்டாம். பாட்டில்கள் கதவுப் பைக்குள், அவரவர் பக்கத்தில்.

டேஷ்போர்டு பிள்ளையாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2021 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது மாடல்களில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். அது டேஷ்போர்டின் இடது பக்கத்தில், ஏர்பேக் என்று எழுத்துப் பொறித்த இடத்திலிருந்து கண் சிமிட்டுவதற்குள் வெடித்து விரியும். அங்கே ஒட்டிய எதுவும் எதிரில் இருப்பவர் முகத்தில்தான் அடிக்கும். சாமியை நடுவில், பார்வையை மறைக்காத உயரத்தில் சின்னதாக வையுங்கள். வாசனைத் திரவிய பாட்டிலும் இடது பக்கம் வேண்டாம். கண்ணாடியில் தொங்கும் மாலை, பொம்மைகளைக் கழற்றிவிடுங்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டியென்றால் இறுக்கமான சீட் கவரும் அதை மறைத்துவிடும்.

வெயில் இன்னொரு தலைவலி. கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரிக்குப் பக்கம் வந்துவிடும். டேஷ்போர்டின் மேற்பரப்பு 70-ஐ நெருங்கும். பாடி ஸ்பிரே டப்பாவிலேயே 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அச்சிட்டிருக்கும். அது, லைட்டர், பவர் பேங்க் மூன்றும் உங்களோடு இறங்க வேண்டும். மாமியாரின் மாத்திரைகளும் அப்படியே, இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆர்.சி., இன்சூரன்ஸ், பொல்யூஷன் சர்டிபிகேட் அசலை குளோவ் பாக்ஸில் வைத்திருக்கிறீர்களா? வீட்டுக்கு எடுத்துப் போங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 2018-இல் திருத்தப்பட்ட பிறகு அரசின் டிஜிலாக்கர், எம்பரிவாஹன் ஆப்களில் காட்டினாலே செல்லும். போனில் சார்ஜ் இல்லாத நாளுக்கு ஒரு ஜெராக்ஸ் மட்டும் இருக்கட்டும். குளோவ் பாக்ஸில் அதோடு ஓனர்ஸ் மேனுவல், டயர் காற்று பார்க்கும் கேஜ், பேனா. போதும்.

டிக்கிக்கு வருவோம். வேகன்ஆரில் 341 லிட்டர் இடம், சி.என்.ஜி. மாடல் என்றால் சிலிண்டர் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் எதை வைத்தாலும் ஒரு பரீட்சை உண்டு: ராத்திரி மழையில் டயர் பஞ்சரானால் எத்தனை சாமான்களை ரோட்டில் இறக்கிய பிறகு ஸ்டெப்னி கையில் கிடைக்கும்? ஒரு கூடைக்கு மேல் என்றால் அடுக்கியது தப்பு. ஜாக்கி, வீல் ஸ்பேனர், சிவப்பு முக்கோணம், முதலுதவிப் பெட்டி நான்கும் சாமான்களுக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு வாங்க வேண்டியது இரண்டே பொருள். டிக்கிக்கு மடக்கக்கூடிய ஒரு துணிப்பெட்டி, அடியில் வழுக்காத ரப்பர் உள்ளதாக. மளிகை அதில் வரும், வீட்டுக்குள்ளும் அப்படியே தூக்கிப் போகலாம். பின்சீட்டுக்கு மாட்டும் ஆர்கனைசர் பிள்ளைகள் பக்கத்தில் ஒன்று மட்டும், மெல்லிய துணியில். டேப்லெட் மாட்டும் கெட்டிப் பலகை உள்ளது வேண்டாம், திடீர் பிரேக்கில் முகம் போய் அதில்தான் மோதும். குப்பைக்குத் தனி டப்பா தேவையில்லை. கியருக்குப் பின்னால் ஒரு காகிதப் பையைச் செருகி வைத்து, பெட்ரோல் போடும் போதெல்லாம் பங்கில் கொட்டிவிடுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு வாரம் ஒருமுறையாவது அது காலியாகிவிடும்.