பிஸ்கட் டப்பாவில் வந்த ரிவால்வர்

கேள்வி: வணக்கம் சார். எனக்குச் சொந்த ஊர் திருச்சி, பதினொரு வருடமாக இங்கிலாந்தில் இருக்கிறேன். காலவரையின்றித் தங்கும் அனுமதி (ஐ.எல்.ஆர்.) இருக்கிறது, பாஸ்போர்ட் இன்னும் இந்தியாதான். என் தாத்தா ஆயுதப்படைப் போலீஸ். அவர் தோளில் பார்த்த த்ரீ நாட் த்ரீ (.303) ரைஃபிளை ஒருநாள் சுட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தேன். .22 ரைஃபிளுக்கு எஃப்.ஏ.சி. என்னும் துப்பாக்கிச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். கிளப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் போன மாதம் இறந்துவிட்டார். அவர் மனைவிக்கு எண்பது வயதுக்கு மேல். "இதெல்லாம் இனி உனக்குத்தான்" என்று மூன்று பொருட்களைக் காட்டினார். ஒன்று, 1943-ல் செய்த நம்பர் 4 லீ-என்ஃபீல்டு. வேட்டைக்காக யாரோ முன்கட்டையை அறுத்திருக்கிறார்கள். அதைப் பழையபடி ஆக்கி ரேஞ்சில் சுட ஆசை. இரண்டு, சுவரில் மாட்டியிருக்கும், டீஆக்டிவேட் செய்த, அதாவது சுட முடியாதபடி செயலிழக்கச் செய்த நம்பர் 1 ரைஃபிள், 1990-களின் சான்றிதழோடு. அதையும் சுட வைக்க முடியுமா? மூன்றாவது, பிஸ்கட் டப்பாவில் ஒரு வெப்லி ரிவால்வரும் கொஞ்சம் தோட்டாவும். பாட்டி பயந்ததால் அந்த டப்பாவை மட்டும் எடுத்து வந்து என் துப்பாக்கிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். அடுத்து என்ன செய்வது?

பதில்: கடைசியில் சாவகாசமாக எழுதியிருந்தீர்களே, அந்த டப்பா விஷயம், அதைப் படித்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன். ரிவால்வர் இப்போது போலீஸிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி, மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துச் சட்டம். வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு.

"லைசென்ஸ்தான் இருக்கிறதே, அதே பெட்டியில்தானே வைத்தேன்" என்று போனில் கேட்டீர்கள். எஃப்.ஏ.சி. என்பது துப்பாக்கி வைத்துக்கொள்ள ஒரு பொது அனுமதி அல்ல. அதில் எழுதியிருக்கும் அந்தந்தத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் மட்டும்தான் அது செல்லும். கைத்துப்பாக்கி கதையே வேறு. 1996-ல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, 1997-ல் கொண்டுவந்த திருத்தங்கள் கைத்துப்பாக்கிகளை 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 5-வது பிரிவுக்குள் தள்ளின. குழல் 30 சென்டிமீட்டருக்குக் குறைவு, அல்லது மொத்த நீளம் 60 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் அது தடை செய்யப்பட்ட ஆயுதம். உங்கள் வெப்லியின் குழல் 5 அங்குலம், அதாவது 13 சென்டிமீட்டர்கூட இல்லை. அதை வைத்திருந்து தண்டனை பெறும் வயதுவந்தவருக்குக் குறைந்தபட்சம் 5 வருடச் சிறை. விதிவிலக்கான சூழ்நிலை என்று நீதிபதி ஏற்றால்தான் அதற்குக் கீழே இறங்க முடியும். தடை செய்யப்பட்டது என்று தெரியாது, நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவலாம். குற்றம் நடக்கவே இல்லை என்று காட்ட உதவாது.

உங்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருந்தது. நீங்கள் பிரிட்டிஷ் குடிமகன் இல்லை. 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெறும் வெளிநாட்டவரை நாடு கடத்த உத்தரவிட வேண்டும் என்கிறது 2007-ஆம் ஆண்டு எல்லைகள் சட்டம். சில விலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை நம்பி யாரும் தூங்க முடியாது. ஒரு பாட்டிக்கு உதவப் போய் பதினொரு வருட வாழ்க்கையைப் பணயம் வைத்திருந்தீர்கள்.

அன்று இரவு நான் சொன்னது இதுதான். தொடாதீர்கள், துடைக்காதீர்கள், காரில் வைத்துத் திரும்பக் கொண்டுபோய்ப் பாட்டி வீட்டில் வைக்காதீர்கள், ஸ்டேஷனுக்கும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முதலில் வழக்கறிஞரிடம் முழுதாகச் சொல்லுங்கள், அதன்பின் வழக்கறிஞர் பக்கத்தில் இருக்க, அவசரமில்லாத விஷயங்களுக்கான போலீஸ் எண் 101-க்குப் போன் செய்யுங்கள், அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள். அப்படித்தான் நடந்தது. வந்த அதிகாரி டப்பாவைத் திறந்து, ரிவால்வரின் மேல் பொறித்திருந்த 'வார் ஃபினிஷ்' என்ற எழுத்தைக் காட்டி, "போர்க்காலத்தில் பளபளப்பாக்க நேரமில்லை, அதனால் இப்படி முத்திரை போட்டே அனுப்பினார்கள்" என்று விளக்கியபோது, நீங்கள் சுவாரசியமாகக் கேட்க ஆரம்பித்தீர்கள். பேச்சு வளர வேண்டாம் என்று பக்கத்தில் இருந்து உங்கள் காலை மிதித்தது நான்தான். உங்கள் மீது வழக்குப் போடவில்லை. இதைக் கேட்டு மற்ற வாசகர்கள் தைரியம் கொள்ள வேண்டாம். அது போலீஸ், அரசு வழக்கறிஞர்களின் முடிவு, யாருக்கும் உரிமையாகக் கிடைப்பது இல்லை.

பழைய ரிவால்வரைச் சட்டப்படி வைத்துக்கொள்ள வழியே இல்லையா என்றும் கேட்டீர்கள். 1997 சட்டத்தின் 7-வது பிரிவில் இரண்டு குறுகிய வாசல்கள் உண்டு. 1919 ஜனவரி 1-க்கு முன் செய்த, தோட்டா எளிதில் கிடைக்காத கைத்துப்பாக்கியைச் சேகரிப்பாளர் சான்றிதழோடு வீட்டில் வைக்கலாம். வரலாற்று முக்கியத்துவம் உள்ளதை, அரசு குறித்த இடத்தில் மட்டும் வைத்துச் சுடலாம். இரண்டாம் உலகப்போரில் ஆயிரக்கணக்கில் செய்த .38 வெப்லிக்கு முதல் வாசல் மூடியது. இரண்டாவதும் அநேகமாக மூடியதுதான். மறந்துவிடுங்கள்.

இனி நல்ல செய்தி. நம்பர் 4 உங்களுக்குக் கிடைக்கும். இரண்டாம் உலகப்போரிலும், அதன்பின் 1950-களிலும் பிரிட்டிஷ் படையின் கையில் இருந்த ரைஃபிள் அது. ஃபசாக்கர்லி, மால்ட்பி, ஷர்லி என்று இங்கேயும், கனடாவின் லாங் பிராஞ்சிலும், அமெரிக்காவின் சாவேஜ் கம்பெனியிலும் செய்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டியிருப்பதால் இது 1-வது பிரிவில் வருகிறது, அதாவது சான்றிதழோடு வைத்திருக்கலாம். 1987-ல் ஹங்கர்ஃபோர்டு ஊரில் ஒருவன் பலரைச் சுட்டுக்கொன்ற சம்பவத்துக்குப் பின் தடையானது, .22 தவிர்த்த, தானே தோட்டா ஏற்றும் ரைஃபிள்கள்தான்.

ஆனால் ரைஃபிள் இப்போது யாருடையது? பெரியவரின் சான்றிதழ் அவரோடு முடிந்துவிட்டது. பாட்டியிடம் சான்றிதழ் கிடையாது. கணவர் பெட்டியில் வைத்ததுதானே என்று விட்டால் அவரும் சிக்கலில் மாட்டுவார். 1968 சட்டத்தின் 7-வது பிரிவின்கீழ் போலீஸிடம் தற்காலிக அனுமதிச் சீட்டு வாங்கலாம். என்னைக் கேட்டால், பதிவு பெற்ற துப்பாக்கி வியாபாரி ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து ரைஃபிளையும் தோட்டாவையும் அவர் பொறுப்பில் கொடுத்துவிடுவது நிம்மதி. பாட்டியின் வழக்கறிஞர் மூலம் அந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டோம். நீங்கள் மட்டும் போய் 'பத்திரமாக' எடுத்து வராதீர்கள். ஒரு தடவை பத்திரப்படுத்தியது போதும்.

அப்புறம் உங்கள் சான்றிதழில் .303-க்கு ஒரு இடம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கிளப்பில் இதை ஸ்லாட் என்பார்கள், விண்ணப்பத்துக்கு வேரியேஷன் என்று பெயர். ஆசை, தாத்தா நினைவு எல்லாம் போலீஸுக்குப் போதாது. எங்கே, எந்த ரேஞ்சில், எவ்வளவு அடிக்கடி சுடுவீர்கள் என்பதுதான் 'நல்ல காரணம்'. உங்கள் கிளப் உள்ளரங்கில் .22 மட்டும் சுடுகிற கிளப் என்றால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். பெரிய ரைஃபிள் சுட அனுமதி உள்ள, உள்துறை ஒப்புதல் பெற்ற கிளப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். அங்கே கிளப்புக்குச் சொந்தமான நம்பர் 4 இருந்தால் அதுவரை அதைச் சுடலாம். ஒப்புதல் பெற்ற கிளப்பின் உறுப்பினர், கிளப் வேலையாகச் சுடும்போது தனிச் சான்றிதழ் தேவையில்லை. போய்ப் பார்க்க ஓர் இடம் சொல்வதென்றால் சர்ரேயில் உள்ள பிஸ்லி ரேஞ்ச். 1890 முதல் அங்கே சுடுகிறார்கள்.

அனுமதி வந்ததும், ரைஃபிளை நேருக்கு நேர் கைமாற்ற வேண்டும், ஏழு நாளுக்குள் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். பின்னால் ஒரு வருடம் கிளப்பில் சுடாமல் சும்மா இருந்தால் கிளப்பே அதைப் போலீஸுக்குச் சொல்லும்.

பழுதுபார்ப்பு விஷயத்தில்தான் நல்ல மனிதர்கள் வழுக்கி விழுகிறார்கள். கட்டை, கைக்காப்பு, பட்டைகள், குறிகாட்டி, மேகசின், தோள்வார் இவற்றை யாரும் கடையில் வாங்கலாம். அறுத்த முன்கட்டைக்குப் பதில் புதிதாகவோ பழசாகவோ ஒன்றைப் பொருத்தி, ஆளி விதை எண்ணெய் தேய்த்து ஆற வைக்க எந்தக் காகிதமும் தேவையில்லை. குழல், உடல், போல்ட் மூன்றும் அப்படி இல்லை. 2017 திருத்தத்துக்குப் பின் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் பாகங்கள் ஒவ்வொன்றும் சட்டத்தின் கண்ணில் தனித் துப்பாக்கிதான். உபரியாக ஒரு குழலை ஏலத்தில் எடுத்தாலும் சான்றிதழில் அதற்கு இடம் வேண்டும். நம்பர் 4-ல் போல்ட்டின் தலை தனியாகக் கழலும், 0 முதல் 3 வரை அளவுகளில் வரும். அதையும் அந்தக் கணக்கில் சேர்த்தே நடந்துகொள்ளுங்கள்.

ரைஃபிள் கைக்கு வந்ததும் முதலில் ஒன்றைப் பாருங்கள். போல்ட் கைப்பிடியின் பின்பக்கம் ஓர் எண் இருக்கும், கட்டை பொருந்தும் இரும்பின் இடப்பக்கம் ஓர் எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் போல்ட் எப்போதோ மாறியிருக்கிறது, துப்பாக்கிக் கொல்லரிடம் அளந்து பார்க்காமல் சுடாதீர்கள். எண்ணை எமரித் தாளால் தேய்த்து அழகுபடுத்தவும் வேண்டாம். சான்றிதழில் உள்ள எண்ணை ஒப்பிட அதிகாரி தேடும் இடம் அதுதான். குழலை மாற்றி, பின்னாளில் ரைஃபிளை விற்க நினைத்தால், லண்டன் அல்லது பர்மிங்ஹாம் புரூஃப் ஹவுஸில் சோதனை முத்திரை வாங்கியபின்தான் விற்கலாம். 1868-ஆம் ஆண்டுச் சட்டம் அது, இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. உங்கள் வேலையைப் பார்த்து கிளப் நண்பர்கள் "என்னுடையதையும் செய்து கொடு, காசு தருகிறேன்" என்பார்கள். மறுத்துவிடுங்கள். தொழிலாகத் துப்பாக்கி பழுதுபார்க்கப் பதிவு பெற்ற வியாபாரியாக இருக்க வேண்டும்.

சுவர் ரைஃபிளைச் சுட வைக்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். சுட முடியாத ஒன்றைச் சுடும்படி மாற்றுவது, பதிவு பெற்ற வியாபாரி தவிர வேறு யார் செய்தாலும் 4-வது பிரிவில் குற்றம். அந்த எண்ணத்தோடு கருவிகளை வைத்திருப்பதும் இப்போது குற்றம். அதன் கட்டையை நம்பர் 4-க்குப் பயன்படுத்தலாமே என்றால், பொருந்தவே பொருந்தாது. பாட்டி அதை உங்களுக்குப் பரிசாகத் தருவதிலும் ஒரு முள் இருக்கிறது. 2016 ஏப்ரலில் வந்த புதிய விதிப்படி செயலிழக்கச் செய்யாததை விற்பதோ பரிசளிப்பதோ குற்றம், மாட்டுவது பாட்டி. கொல்லர் ஒருவர் புதிய விதிப்படி வேலை செய்து, புரூஃப் ஹவுஸில் புதுச் சான்றிதழ் வாங்கியபின் கைமாற்றலாம். கைமாற்றுவதை உள்துறைக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஸ்டென், பிரென் போன்ற இயந்திரத் துப்பாக்கிகள் என்று ஆசை வளர்ந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஒருமுறை தானியங்கியாக இருந்த ஆயுதத்தை ஒற்றைச் சுற்றாக மாற்றினாலும் அது தடை செய்யப்பட்டதாகவே கருதப்படும்.

ஓய்வுக்குப் பின் ரைஃபிளைத் திருச்சிக்குக் கொண்டுபோகலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். முடியாது. இந்தியாவில் .303 தடை செய்யப்பட்ட ரகம். தாத்தா தோளில் இருந்தது அரசாங்கத்தின் சொத்து.

மனைவிக்குத் தெரியாத இடம் வீட்டில் எங்கே சார் இருக்கிறது, சாவியை எங்கே வைப்பது என்றும் கேட்டீர்கள். சிரிப்பு வந்தாலும் சரியான கேள்வி. சான்றிதழ் இல்லாதவர் கைக்குத் துப்பாக்கி எட்டக் கூடாது என்பது சான்றிதழின் நிபந்தனை, மனைவிக்கும் அதில் விலக்கில்லை. பாதுகாப்பு பார்க்க வரும் அதிகாரி அவர்களிடமே "சாவி எங்கே?" என்று கேட்கக்கூடும். தெரியாது என்ற பதில் உண்மையாக இருக்க வேண்டும். எண் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டி ஒன்று வாங்கி, துப்பாக்கிப் பெட்டியின் சாவியை அதற்குள் வையுங்கள். எண்ணாகக் கல்யாண நாளைப் போடாதீர்கள்.