விளையாடிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு வாரக்கணக்கில் வயிறு இளகிப் போவது ஏன்?

1 முதல் 5 வயதுக்குள் இருக்கும் குழந்தை, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இளகலாகப் போகிறது. சாப்பிட்ட கேரட் துண்டு அப்படியே வெளியே வந்து கிடக்கிறது. ஆனாலும் துறுதுறுவென ஓடுகிறது, எடையும் ஏறுகிறது. வாரக்கணக்கில் நீடிக்கும் இதைச் சிறு குழந்தைகளின் வயிற்றுப்போக்கு என்பார்கள். இதில் கிருமித் தொற்று இருக்காது.

இந்த வயதில் உணவு குடலை வேகமாகக் கடந்துவிடும். பூந்தொட்டியில் ஒரு வாளித் தண்ணீரை ஒரேயடியாகக் கவிழ்த்தால், மண் உறிஞ்சுவதற்குள் அடியில் ஒழுகிவிடும் அல்லவா, அதே கதைதான். அப்புறம் பழச்சாறு. அதிலுள்ள சில சர்க்கரைகள் முழுதாக உறிஞ்சப்படாமல் குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். முதலில் கைவைக்க வேண்டியது அந்த ஜூஸ் பாட்டிலில்தான்; பல குழந்தைகளுக்கு அதை நிறுத்தினாலே குறைந்துவிடும்.

மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவு, வாய் உலர்ந்து சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தயவுசெய்து காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

கொழுப்புள்ள உணவை நிறுத்தினால் வயிறு சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கொழுப்புதான் குடலின் வேகத்தைத் தணிக்கிறது.