இரண்டாவது கேசட்

அன்புள்ள ஐயா,
ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலைப் படித்துவிட்டு, நெட்ஃபிளிக்ஸில் 2018இல் வந்த பத்துப் பகுதித் தொடரை ஒரே வார இறுதியில் பார்த்து முடித்தேன். பாதி எம்ஆர்டி ரயிலில், ஒன்றரை மடங்கு வேகத்தில். பயமே வரவில்லை. நாவலையும் நிறைய மாற்றிவிட்டார்கள். பேய்க்கதைக்குச் சினிமா சரியா, தொலைக்காட்சியா?
ம., ஈசூன்

அன்புள்ள ம.,

மாற்றியதை விடுங்கள். எழுத்தாளர் ஸ்டீபன் கிங் தன் 'தி ஷைனிங்' நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதி 1997இல் தொடராக்கினார். ஆனால் ஊரே பேசுவது, அவருக்குப் பிடிக்காத, இயக்குநர் குப்ரிக்கின் 1980 படத்தைத்தான்.

ஆனால் ஒன்றரை மடங்கு வேகமா? கோபம் வந்துவிட்டது எனக்கு. கதவுக்கு வெளியே ஏதோ நிற்கிறது, கதவு இன்னும் திறக்கவில்லை. அந்தத் திறக்காத நேரம்தானே பயம்! மாவைப் புளிக்கவிடாமல் சுட்டுவிட்டு, தோசை சரியில்லை என்கிறீர்கள்.

கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிங்கின் 'சேலம்ஸ் லாட்' நாவல் 1979இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரண்டு பகுதிகளாக வந்தது. நவம்பர் 17 ஒன்று, 24 மற்றொன்று. நடுவே ஒரு வாரம்.

எண்பதுகளில் எங்களுக்கு அது வீடியோ கடை கேசட்டாகக் கிடைத்தது. சிங்கப்பூர் தோ பாயோவில் பத்தாவது மாடி வீடு. கதையில், செத்துப்போன பையன் பனிமூட்டத்தில் மிதந்து வந்து, அண்ணன் அறைச் சன்னல் கண்ணாடியை நகத்தால் கீறுவான். முதல் கேசட் முடிந்தது. இரண்டாவதை வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

ஆறு இரவுகள். அடுக்களைச் சன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழி, காற்றடித்தால் அதன் குழாயில் டொக், டொக் என்று இடிக்கும். பத்தாவது மாடிக்கு யார் வந்து தட்ட முடியும்? அவன் வந்தானே! நான்காம் இரவு அம்மா எழுந்துபோய்க் கழிகளை எல்லாம் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டார். இரண்டாவது கேசட்டில் என்ன நடந்ததென்று இப்போது சரியாக நினைவில்லை. அந்த டொக் இருக்கிறது.

தியேட்டர் பேயை தியேட்டரிலேயே விட்டுவிட்டு, கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். தொலைக்காட்சிப் பேய் நாவலைப் போல. மூடி வைத்துவிட்டு அதே வீட்டில்தான் தூங்க வேண்டும். பத்துப் பகுதியையும் ஒரே நாளில் கொட்டிவிட்டால் அந்த இரவு எங்கே?

சரி, மறுபடி பாருங்கள். இரவுக்கு ஒரு பகுதி, சாதாரண வேகத்தில். போன் வேறு அறையில் இருக்கட்டும். அப்புறம் உங்கள் வீட்டுச் சன்னலில் என்ன சத்தம் கேட்டது என்று எனக்கு எழுதுங்கள்.